மையத்திலிருந்து அளந்தால்

பன்னிரண்டின் இருமடி நூற்று நாற்பத்து நான்கு. அப்படியென்றால் நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்க வேண்டும். அது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லைதானே?

கரும்பலகையைப் பார்த்தபடி நின்றிருந்த கிருபா இந்தக் கணக்கை மனதுக்குள் மறுபடியும் போட்டுப் பார்த்தாள். எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வந்தது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. அவளுக்குப் பின்னால் பிளஸ் ஒன் பிள்ளைகள் அவள் கொடுத்த வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புவியின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அதன் எடை என்ன ஆகும்? தொலைவு கூடினால் ஈர்ப்பு குறையும், தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன் வீடுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஜெபராஜைக் கல்யாணம் செய்துகொண்டு குரோம்பேட்டை வீட்டுக்கு அவள் வந்தபோது, அவருடைய முதல் மனைவி ஜென்சியின் கல்லறை அந்த வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. சாயங்கால நடைக்குப் போகிறவர் நேராக அங்கேதான் போவார். போன வருடம் கிருபா பிடிவாதம் பிடித்து வண்டலூருக்கு வீடு மாற்ற வைத்தாள். பள்ளிக்கூடம் பக்கம் என்று காரணம் சொன்னாள். அது பொய்யும் இல்லை. இப்போது வீட்டுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்.

"முடிச்சாச்சா? விக்கி, நீ சொல்லு."

கடைசி பெஞ்சிலிருந்து விக்கி எழுந்தான். "வெய்ட்டே இர்க்காது மிஸ். சைபர்."

"எப்படி?"

"அவ்ளோ மேல போனா எப்டி மிஸ் இர்க்கும்? டிவில பாக்கல? ராக்கெட்ல போனவங்கல்லாம் மெதந்துகினுதான கீறாங்க."

"சரிதா, நீ?"

"மாறாது மிஸ்," என்றாள் சரிதா, சந்தேகமே இல்லாமல். "ஃபார்முலால தூரத்துக்கு ஆரத்தைத்தான போட்டோம். இப்பவும் தூரம் அதே ஆரம்தான். அப்ப அதே வெய்ட்."

கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு இதே இடத்தில்தான் விழும். "தரையிலேருந்து ஏன் அளக்குறே? தரையா இழுக்குது? எப்பவும் மையத்திலேருந்து அளக்கணும். தரையில நிக்கும்போதே நீ மையத்திலேருந்து ஒரு ஆரம் தள்ளித்தான் நிக்கிறே. மேல இன்னொரு ஆரம் போனா ரெண்டு. ரெண்டோட இருமடி நாலு. எடை கால்வாசி." பிறகு விக்கியைப் பார்த்தாள். "நீ டிவில பாத்தது விண்வெளி நிலையம். அது நானூறு கிலோமீட்டர் உயரம்தான். புவியோட ஆரம் ஆறாயிரத்து நானூறு. மையத்திலேருந்து அளந்து பாரு. பெரிய வித்தியாசம் இல்ல. இங்க இழுக்கறதுல நூத்துக்குக் கிட்டத்தட்ட தொண்ணூறு பங்கு அங்கயும் இழுக்குது."

"அப்போ இன்னாத்துக்கு மிஸ் மெதக்குறாங்க?"

"மிதக்கல. விழுந்துக்கிட்டே இருக்காங்க. பக்கவாட்டுல அவ்வளவு வேகமா போறதால தரையில வந்து மோதாம சுத்திச் சுத்தி விழறாங்க. பாக்கறவங்களுக்கு மிதக்கற மாதிரி தெரியுது."

விக்கி விடவில்லை. "மிஸ், எந்த ரெண்டு பொருளும் இஸ்துக்கும்னு சொன்னீங்கல்ல. அப்போ ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தா?"

சிரிப்பு வெடித்தது. யாரோ யாரையோ திரும்பிப் பார்த்தார்கள்.

"இழுக்கும். ஒரு உப்புத் துகளோட எடைகூட இருக்காது, அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? பேஜார் மிஸ்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் விக்கி.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த உப்புத் துகள் அவள் கூடவே வந்தது. இரவு முழுதும் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவிலும் அவ்வளவுதான்.

ஜெபராஜ் நல்லவர். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. குரல் உயர்த்த மாட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். "ஜென்சி இப்படிச் செய்வாள்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். சொல்லாததால், ஒவ்வொரு முறை குழம்பு வைக்கும்போதும் அவளே அந்த ஒப்பீட்டைச் செய்துகொண்டாள். குரோம்பேட்டை வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடி எட்டாத உயரத்தில் இருந்தது. ஜென்சி உயரமானவள் போலிருக்கிறது. கிருபா முக்காலி போட்டு அதை எடுப்பாள். ஜாடியைக் கீழே வைத்துக்கொள்ளலாமே என்று அவளுக்கே பல மாதங்கள் தோன்றவில்லை. தோன்றிய அன்று அழுகை வந்தது.

உயிரோடு இருக்கிற ஒருத்திமேல் பொறாமை என்றால் தோழியிடமாவது சொல்லலாம். அவளுக்கு வயதாகும், எரிந்து விழுவாள், ஒரு நாள் அவருக்கே அலுத்துப் போவாள். ஜென்சிக்கு முப்பத்து நான்கு வயதுக்குமேல் ஆகப்போவதில்லை. அவள் இனிமேல் ஒரு தப்பும் செய்ய மாட்டாள். சபையில் யாரிடமாவது இதைச் சொன்னால், பாவம் இறந்து போனவள், அவளுக்காக ஜெபம் செய்யக்கூட மனம் வரவில்லையா என்று கேட்பார்கள். கிருபாவுக்கு வரவில்லை. அதற்காக வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பொறாமை அப்படியே இருந்தது.

வண்டலூர் வீட்டில் ஜென்சியின் படத்தை எங்கே மாட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தாள். அவர் எங்கேயும் மாட்டவில்லை. ஒரு துண்டில் சுற்றி, தன் சட்டைகளுக்கு அடியில், பீரோவில் வைத்துவிட்டார். முதல் வாரம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு விரலில் பட்டது. சுவரில் இருந்திருந்தால் எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கும். இப்போது அது அவருக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

ஆனாலும் தூரம் வேலை செய்தது. அப்படித்தான் நம்பினாள். விடியற்காலையில் மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கத்தின் கர்ஜனை கேட்கும். "உன் ஹெட்மாஸ்டர் கூப்பிடறார், எழுந்திரு," என்பார் ஜெபராஜ் கண்ணைத் திறக்காமலே. குரோம்பேட்டையில் அவர் இப்படி விளையாட்டாகப் பேசியதே இல்லை. சாயங்கால நடை நின்றுபோனது. ஆபீஸிலிருந்து வரத்தான் கொஞ்சம் தாமதமாகும். ரயிலில் கூட்டம் என்பார். அவள் காபி கலந்து கொடுப்பாள். நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு.

நவம்பர் இரண்டு இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்லறைத் திருநாள். முந்தைய வருடங்களில் தலைவலி என்றோ விடைத்தாள் திருத்த வேண்டும் என்றோ சொல்லி அவள் போகாமல் இருந்துவிட்டாள். இந்த முறை, "நானும் வரேன்," என்றாள். ஜெயித்தவளுக்கு வரும் பெருந்தன்மை அது. தூரத்தில் இருக்கிறவளைப் பார்க்கப் போவதில் என்ன வந்துவிடப் போகிறது? ஜெபராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, குடை எடுத்துக்கோ," என்று மட்டும் சொன்னார்.

ஆராதனை முடிந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டம் திருவிழாப் போலிருந்தது. வாசலில் சாமந்தி மாலை, மெழுகுவர்த்திக் கட்டு, ஊதுபத்தி விற்றார்கள். உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கல்லைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இடம் இல்லாத தோட்டம். ஒரு குழியை ஆழமாக எடுத்து, நடுவில் பலகைக் கல் போட்டு, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கு அடுக்காக வைப்பதுதான் இங்கே வழக்கம். புருஷனோ பெண்டாட்டியோ முதலில் போனால், கல்லில் அவர் பெயருக்குக் கீழே பாதி இடத்தை வெறுமையாக விட்டு வைப்பார்கள்.

ஜென்சியின் கல்லும் அப்படித்தான் இருந்தது. மேல் பாதியில் பெயர், பிறப்பு, இறப்பு, ஒரு வசனம். கீழே வழவழவென்று ஒன்றும் எழுதாத கல். யாருக்கான இடம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லறை ஒரு பக்கமாகத் தாழ்ந்து, நடுவே விரிசல் விட்டிருந்தது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சவுரிமுத்து கையில் மண்வெட்டியோடு வந்தார். கிருபாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"வா சார்! இன்னிக்கி அக்காவயும் இட்டாந்துட்டியா? டெய்லி தனியாத்தான வந்துகினு இருப்பே."

ஜெபராஜ் குனிந்து, கல்லின் ஓரத்தில் உறைந்திருந்த பழைய மெழுகைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"அக்கா, நீயாச்சும் சொல்லுக்கா," என்று அவள் பக்கம் திரும்பினார் சவுரிமுத்து. "சாங்காலம் கேட்டு மூட்ற நேரமா பாத்துத்தான் வருவாரு. மழ ஊத்தினாலும் உடமாட்டாரு. கொட புட்ச்சிகினு அப்டியே நிப்பாரு. நான் பூட்ட கைல வச்சிகினு வெளில நிக்கணும். எனக்கு வூடு வாசல் இல்லியா?"

அவர் சிரித்தார். கிருபாவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்துக்கொண்டே அவள் மெழுகைச் சுரண்டும் அந்தக் கையைப் பார்த்தாள். எந்த மூலையில் மெழுகு சேரும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

தினமும். கிண்டியிலிருந்து வரும் ரயில் குரோம்பேட்டையைத் தாண்டித்தான் வண்டலூருக்கு வர வேண்டும். இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ரயிலில் கூட்டம் என்று அவர் சொன்ன அத்தனை சாயங்காலங்களும் இங்கே நின்றிருக்கின்றன. வீட்டுச் சுவரிலிருந்து கல் வரைக்கும் அளந்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று உட்கார்ந்திருந்தாள். வீடா இழுத்தது? பிள்ளைகளின் தாளில் அதே தப்பைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, பக்கத்தில் 'மையத்திலிருந்து' என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தவள் அவள். அவர் மையம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பார்த்தால், வண்டலூர் என்ன, குரோம்பேட்டை என்ன? காலையில் சிங்கத்தைக் கேலி பேசியபோது அவர் லேசாகிவிட்டார் என்று அவள் நினைத்தாள். அப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கிருபாம்மா!"

ஜென்சியின் அம்மா சாராள் சாமந்திப் பையோடு மெல்ல நடந்து வந்தார். வந்ததும் கிருபாவின் கன்னத்தைத் தடவினார். "நீ வந்தியே, அதுவே போதும்மா. ஜென்சிக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும் தெரியுமா? இந்தா, நீயே வையி."

பூ கையில் வந்தது. குளிர்ந்த, ஈரமான பூ. இறந்தவள் இவளுக்காகச் சந்தோஷப்படுகிறாளாம். அதற்கும் அவளுக்கு மனம் இருக்கிறது. கிருபா குனிந்து பூவை வைத்தாள். எங்கே வைப்பது என்று ஒரு கணம் தயங்கி, பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தின்மேல் நெருக்கமாக, கல் தெரியாதபடி அடுக்கினாள். "அழகா வைக்கிறே," என்றார் சாராள்.

கிளம்பும்போது சவுரிமுத்து மறுபடி வந்தார். "சார், மேஸ்திரி செவ்வாக்கெழம வர்றாரு. அன்னிக்கே இந்தக் கல்ல ஒடச்சிர்லாம். நீ சொன்ன மேரி மூணுன்னா மூணு, ரெண்டுன்னா ரெண்டு. இன்னிக்கே சொல்ட்டா நல்லது. அப்பவே நல்லா ஆழமா எட்துக்கீது, மூணு அடுக்கு தாராளமா வரும்."

"போன் பண்றேன் சவுரி," என்றார் ஜெபராஜ் அவசரமாக.

குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் நின்றார்கள். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டி ஒன்று வந்தது, அதை விட்டார்கள். அடுத்தது செங்கல்பட்டு வண்டி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிருகக்காட்சிசாலைக்குப் போகும் குடும்பங்கள் பெட்டியை நிறைத்திருந்தன. ஒரு ஓரத்தில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. தோள் தோளில் இடித்தது.

சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் ஜெபராஜ் பேசினார். "உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"எதை?"

"தினமும் போறதை."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "ரயில்ல கூட்டம்னு நினைச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "இன்னொண்ணும் கேக்கணும் கிருபா. அந்தக் கல்லை மாத்துறோம். கட்டறப்பவே மூணு அடுக்கா கட்டிடலாம்னு இருக்கேன். புதுக் கல்லுல உன் பேருக்கும் இடம் விட்டு வெட்டச் சொல்லட்டுமா?" என்றார். தடுமாறிக்கொண்டு மேலும் சொன்னார். "உன்னைத் தனியா எங்கயோ விடறதுக்கு எனக்கு மனசில்ல. ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

மூன்று வருடங்களில் அவர் அவளிடம் சொன்ன மிகப் பிரியமான வார்த்தை அதுதான். அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு நெகிழ்ந்ததும் உண்மை. நெகிழ்ந்த அதே நேரத்தில் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

"ஜென்சி அடியில. அதுக்கு மேல யாரு?"

"யார் முன்னாடி போறாங்களோ அவங்க."

"நான் முன்னாடி போனா?"

"என்ன பேச்சு இது? இதுல எல்லாமா கணக்குப் பாப்பாங்க, கணக்கு டீச்சர்?"

"பிசிக்ஸ்," என்றாள் கிருபா.

அவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் கணக்கு நிற்கவில்லை. அவர் முன்னால் போனால், நடுவில் அவர். மேலே ஒரு கல், கீழே ஒரு கல். இருவருக்கும் சம தூரம். இத்தனை நாள் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு சலுகையும் அதோடு போய்விடும். இவள் முன்னால் போனால் இன்னும் மோசம். நடுவில் இவள். ஜென்சிக்கு மிக அருகில் இருப்பவள் இவள்தான். நடுவே ஒரு பலகைக் கல், அவ்வளவுதான்.

அந்த நினைப்பில் அவள் திடுக்கிட்டாள். புதிதாக என்ன இருக்கிறது அதில்? இப்போது மட்டும் எப்படி இருக்கிறது? ஜெபராஜ் சாயங்காலம் கொஞ்ச நேரம் அங்கே போய் நின்றுவிட்டு வருகிறார். இவளோ காலையில் உப்பு ஜாடியிலிருந்து, மதியம் கரும்பலகை வழியாக, சட்டைக்கு அடியில் இருக்கும் துண்டு வரைக்கும் நாள் முழுதும் அவளையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்தும் விடவில்லை. ஜென்சியோடு அதிகம் வாழ்ந்தது யார் என்று யாராவது கேட்டால், கிருபாவால் என்ன பதில் சொல்ல முடியும்?

தாம்பரத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. ஒரு பெண் சமோசாக் கூடையோடு ஏறி, பெட்டி முழுக்க மணத்தைப் பரப்பிவிட்டு மறுபக்கம் இறங்கினாள். எதிர் வரிசையில் ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் சிங்கம் கடிக்குமா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபராஜின் தோள் இவள் தோளில் வெதுவெதுப்பாகப் பட்டுக்கொண்டே இருந்தது. விலக்கிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியது. பெருங்களத்தூர் வருவதற்குள் அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். "சவுரிக்கு என்ன சொல்லட்டும்? மூணுன்னு சொல்லிடவா?"

"எனக்கு அங்க இடம் வேண்டாங்க."

அவர் முகம் வாடியது. "கோவமா? நான் தினமும் போறதுனாலயா?"

"இல்ல. நீங்க போங்க. மழையில மட்டும் போகாதீங்க, சளி பிடிச்சுக்கும்."

"பின்ன ஏன்?"

ஏன் என்று சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது: உயிரோடு ஜென்சியைச் சுற்றுவது போதும், செத்த பிறகும் சுற்ற வேண்டாம். அதைச் சொன்னால் அவர் தினமும் போவதை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, சட்டைக்கு அடியில் இருக்கும் துண்டுபோல, அதையும் இன்னும் உள்ளே எங்கோ கொண்டுபோய் வைத்துக்கொள்வார். அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு அடுக்குன்னே சொல்லுங்க," என்றாள்.

"அவசரப்படாதே கிருபா. செவ்வாக்கிழமைதான் மேஸ்திரி வர்றான். நாளைக்குச் சொன்னாக்கூட போதும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

வண்டலூர் வந்துவிட்டது. சின்னப் பெண் அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு முதலில் இறங்க ஓடினாள். கிருபா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யோசிச்சிட்டேங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கு வேண்டாம்."